மதிலும் வாக்கும்

ஒரு நாட்டைக் காப்பது மதிலா, வாக்கா என்னும் வினா அரசியலறிஞர்க்கு மட்டும் உரியதன்று, அறவியலாளர்க்கும் உரியது. பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் எல்லைக் கோட்டையாக விளங்கிய ஃபூஜேரின் வரலாறு இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க களமாகும்.

இக்கோட்டை மலைமுடியில் எழுந்ததன்று. நான்சோன் ஆறு வளைந்தோடும் தாழ்நிலத்திலே, நீரையும் சதுப்பையும் அரணாகக் கொண்டது. 1166இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி இதனைக் கைப்பற்றி அழித்தான். பின்னர் இரண்டாம் ராவுல் என்னும் பிரபு இதனை மீளக் கட்டினான். வழிவந்தோர் மதிலையும் கோபுரங்களையும் பெருக்கினர்.

1444இல் பிரான்சும் இங்கிலாந்தும் தூர் நகரிலே போர்நிறுத்தம் செய்துகொண்டன. அது நடைமுறையில் இருக்கையிலேயே, 1449 மார்ச்சில், ஆங்கிலேயர் பக்கத்துப் படைத்தலைவனான பிரான்சுவா த சூரியேன் இரவிலே மதிலேறிக் கோட்டையைக் கவர்ந்தான், நகரம் சூறையாடப்பட்டது. பிரிட்டனிக் கோமகன் தன் ஆட்சிக்குட்பட்டவன் என வாதிட்ட பிரெஞ்சு மன்னன் ஏழாம் சார்ள்ஸ், இதனைக் காரணங்காட்டிப் போரைத் தொடங்கினான். 1450 ஆகஸ்டுக்குள் நோர்மண்டி முழுவதையும் ஆங்கிலேயர் இழந்தனர்.

வாக்குத் தவறியோர் ஒரு கோட்டையைப் பெற்று ஒரு நாட்டையே இழந்தனர் எனச் சிலர் இதிலே நீதி காண்பர். இவ்விளக்கம் மனத்துக்கு இதமானது; ஆயினும் போதியதன்று. நோர்மண்டி கைமாறியதால் ஃபூஜேர் மக்கள் இழந்தவை மீண்டனவா? சார்ள்ஸ் தோற்றிருப்பின் அவ்விரவுச் செயல் அறமாகியிருக்குமா? வெற்றி தோல்வியைக் கொண்டு அறத்தை அளப்போர், வென்றவன் செய்ததெல்லாம் சரியே என்னும் முடிவுக்குத்தான் வந்துசேர்வர்.

நண்பனுக்கு அளித்த வாக்கைக் காப்பது எளிது. பகைவனுக்கு அளித்ததைக் காக்கும்போதே வாக்கின் பொருள் சோதிக்கப்படுகின்றது. உடன்படிக்கையை நம்பி உறங்கியவனைத் தாக்குவோன், அவனது நம்பிக்கையையே அவனுக்கெதிரான ஆயுதமாக்குகின்றான். அதனாலேயே அச்செயல் தவறாயிற்று. பின்னர் வந்த தோல்வியாலன்று.

அவ்வாறாயின் மதிலை மட்டும் நம்புதலே விவேகமன்றோ எனின், 1488ஆம் ஆண்டு அதற்கு விடை கூறும். அவ்வாண்டு பிரெஞ்சுப் பீரங்கிகளின் முன்னே இதே கோட்டை சில நாட்களிற் பணிந்தது. கல்லும் நிலையாத உலகிலே மனிதர் கூடிவாழ்தற்கு வாக்கையன்றி வேறு நிலைக்களம் இல்லை. அது எளிதில் உடையக்கூடியது என்பது உண்மையே. ஆனால், அதனைக் கைவிடுதற்கு அது காரணமாகாது. கருத்தோடு காத்தற்கே காரணமாகும்.