வாயில் இரும்பில்லாத குதிரை



நாம் நாள்தோறும் வந்தனையில் ஓதும் புத்த குணங்களுள் 'புரிசதம்ம சாரதி' என்பதும் ஒன்று. அடங்கத்தக்க மாந்தரை அடக்கி நடத்தும் தேர்ப்பாகர் என்பது அதன் பொருள். தேர்ப்பாகர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன சாட்டையும் கடிவாளமுமே. ஆனால் பகவான் எத்தகைய பாகர்? அவர் கையில் இருந்த கருவி யாது? இதனை இன்று சிறிது சிந்திப்போம்.

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்றிடம் ஒன்று உண்டு. கடிவாளத்தின் இரும்பு அவ்விடத்தில்தான் நாவின்மீது கிடக்கிறது. அங்கே தாடையெலும்பை மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. வாரைச் சுண்டி இழுத்தால் இரும்பு நாவையும் எலும்பையும் நெருக்கும். வலி பொறாத குதிரை நிற்கும், அல்லது திரும்பும். ஜட்கா வண்டிகள் ஓடிய நாட்களில், கடைவாய் புண்பட்டு நுரை ஒழுக நின்ற குதிரைகளை நம்முள் முதியோர் கண்டிருப்பர். வலிக்கு அஞ்சி நிற்பதையே உலகம் பணிவு என்று பெயரிட்டு அழைத்தது.

இரும்பின்றிக் குதிரையை நடத்த இயலாதோ? இயலும். வட ஆப்பிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் நிலத்தில் வாழ்ந்த நுமிதியர் கடிவாளமின்றியே குதிரையேறினர் என உரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்துள்ளார். கி.மு. 216-இல் கன்னே போர்க்களத்தில் அனிபாலின் பக்கம் நின்ற குதிரைப்படையினருள் அவர்களும் இருந்தனர். கி.பி. 113-இல் உரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில், கடிவாளமற்ற குதிரைகள்மீது விரையும் மூர் வீரர்களின் சிற்பத்தை இன்றும் காணலாம். அவர்கள் செய்த போரை நாம் புகழவில்லை. ஆரவாரம் மிக்க போர்க்களத்திலும், வாயில் இரும்பில்லாத குதிரை தன்மேல் இருப்பவனின் காலசைவையும் உடற்சாய்வையும் அறிந்து நடந்தது என்பதையே கருதுகிறோம்.

இக்காலத்திலும் மூக்கின்மேல் பட்டை மட்டும் கட்டி ஏறுவோரும் வண்டி ஓட்டுவோரும் உளர். ஆயினும் ஓர் எச்சரிக்கை: அப்பட்டையோடு நீண்ட நெம்புகோல்களைப் பொருத்தி முரட்டுத்தனமாய் இழுத்தால், மெல்லிய மூக்கெலும்பும் நோகும். இரும்பை அகற்றினால் மட்டும் போதாது. கையும் திருந்த வேண்டும். கைக்குப் பின்னுள்ள மனமும் திருந்த வேண்டும்.

அங்குத்தர நிகாயத்தில் கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளரின் வரலாறு வருகிறது. குதிரைகளை எவ்வாறு பழக்குகிறாய் எனப் பகவான் அவரை வினவினார். மென்மையாலும், கடுமையாலும், இரண்டும் கலந்தும் பழக்குவதாகவும், எதற்கும் அடங்காததைக் கொன்றுவிடுவதாகவும் கேசி விடை கூறினார். பின்னர், தாங்கள் மாந்தரை எவ்வாறு பழக்குகிறீர்கள் என அவர் கேட்டார். பகவானும் அவ்வாறே என்றார். கேசி திகைத்தார், உயிர்க்கொலை தங்களுக்குத் தகுமோ என்றார். அடங்காதவனோடு பேசுவதையும் அவனுக்கு அறிவுரை கூறுவதையும் விட்டுவிடுவதே ஆரிய விநயத்தில் கொலையாகும் எனப் பகவான் விளக்கினார். அவருடைய மென்மை, நல்வினையையும் அதன் பயனையும் எடுத்துக்காட்டுதல். கடுமை, தீவினையையும் அதன் பயனையும் எடுத்துக்காட்டுதல். இரண்டுமே சொற்கள்! இரும்பு எங்கும் இல்லை.

அன்பர்களே! சாதி என்னும் இரும்பு நம் முன்னோர் வாயில் பல நூற்றாண்டுகள் கிடந்தது. அதனை எவரும் விரும்பி ஏற்கவில்லை, பிறர் இட்டனர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அதனைக் கழற்றி எறியும் வழியைக் காட்டினார். கழற்றிய பின் நாம் எவ்வாறு நடக்கிறோம்? கூலி வாங்கிய நாளில் கால்கள் கள்ளுக்கடைக்குத் திரும்பினால், இரும்பில்லாமல் இவர்கள் நடவார் என்று பழைய பாகன் நகைப்பான் அன்றோ?

பஞ்சசீலம் கட்டளை அன்று. இதனைச் செய்யாதே என்று எவரும் நமக்கு ஆணையிடுவதில்லை. இவ்வொழுக்கத்தை மேற்கொள்கிறேன் என்று நாமே நம் வாயால் சொல்கிறோம். இரும்பு கிடந்த அதே வாயில் இன்று நம் உறுதிமொழி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கழற்றிய இரும்பை வீட்டிற்கு எடுத்துச் சென்று, மனைவி வாயிலும் மக்கள் வாயிலும் இடுகிறோமா? அப்பனைக் கண்டதும் பேச்சு அடங்கும் வீட்டை நாம் ஒழுக்கமுள்ள வீடு என்று எண்ணிவிடுகிறோம். அங்கே அடங்கியது அச்சமே; அறம் அன்று. தவறிய மகனை அடிக்க ஓங்கிய கையைத் தாழ்த்தி, அவனருகே அமர்ந்து, தீவினை எங்கே கொண்டு சேர்க்கும் என்று பொறுமையோடு எடுத்துரைப்போம். ஒரு நாளில் திருந்தாவிடின் மறுநாளும் உரைப்போம். அவனோடு பேசுவதை மட்டும் நிறுத்தாதிருப்போம்.

தம்மைத் தாமே நடத்துவோர்க்குப் பிறர் இடும் கடிவாளம் வேண்டாம். நாமும் அவ்வாறு நடப்போம்; நம்மை நம்பி வாழும் மாந்தரையும், வாயில்லா உயிர்களையும் அன்பினால் நடத்துவோம். எல்லா உயிரும் இன்புறுக!