பார்க்கலாம், தொடக் கூடாது

அறிவியல் தொட்டுத்தான் தொடங்குகிறது. சூடா குளிரா, கனமா லேசா என்று தொட்டுப் பார்த்த மனிதர்தான் பிறகு வெப்பமானியும் தராசும் செய்தார்கள். சாதியோ 'தொடாதே' என்று தொடங்குகிறது. அப்படியானால் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்துவது என்றால் என்ன? நான் படித்தது தமிழ். ஆனாலும் சேரிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லும்போதெல்லாம் இந்தக் கேள்வி குடைகிறது.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போட அம்பேத்கரைக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். சாதி இந்துப் பையன்கள் எழுந்து ஓடினார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சோற்றுப் பாத்திரங்கள் இருந்தன. அவற்றை எடுத்த பிறகுதான் அவர் பலகையை நெருங்க முடிந்தது. அன்றைய வகுப்பறைத் தொழில்நுட்பம் கரும்பலகைதான். அது எல்லாருக்கும் பொதுவாகத்தான் நின்றது. யார் கை படலாம் என்பதில்தான் சாதி நின்றது.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்துப் படித்தார். உயர்சாதி இந்து ஒருவர் தீட்டை மீறினார் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். அதற்கு முன்னும் பின்னும் பிணத்தைச் சுமந்தது யார், எரித்தது யார்? எங்க தாத்தா செத்த மாடு உரிச்சவர். எந்த எலும்பு எங்க பொருந்தும், எந்த நரம்பு எங்க ஓடும்னு அவர் விரலுக்குத் தெரியும். பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகும், இறுகினால் ஒலி உயரும். நம்ம ஆள் செய்தால் இது தீட்டுத் தொழில். பாடப்புத்தகத்தில் வந்தால் ஒலியியல்.

நான் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடத்தைக் கூட்டவும் குப்பி கழுவவும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நுண்ணோக்கி மட்டும் பீரோவுக்குள் இருக்கும். "பாத்துட்டுப் போங்கடா, தொடாதீங்க. ஒடஞ்சா உங்கப்பனா குடுப்பான்?"

1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது. எதிர்ப்பில் 1954இல் அது போனது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளைப் பத்து நாள் தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் அனுப்பச் சொல்கிறது. அதே கொள்கையின் 24ஆம் பகுதி, செய்முறை அறிவு சமமாகக் கிடைக்க மெய்நிகர் ஆய்வகம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கைவேலை குயவரிடம், சோதனை திரையில். கையையும் மூளையையும் பிரித்து வைப்பதுதானே வருணம்? அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனால் இங்கும் பிளஸ் டூ செய்முறைக்கு இருப்பது 20 மதிப்பெண். மருத்துவத் தரவரிசையில் அதுவும் சேராது. நீட் தேர்வின் 180 கேள்விகளில் எதற்கும் சோதனைக் குழாயைத் தொட வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் எனக்குப் பகை அல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் நம் வீடுகள் பலவற்றில் முதல் கணினி நுழைந்தது. அது கைக்கு வந்தது. பிள்ளைகள் நோண்டினார்கள், கற்றார்கள். சுவரில் மாட்டிய திரை அப்படியல்ல. அது தூர நின்று பார்க்கச் சொல்வது. கோயிலிலும் கிணற்றடியிலும் நமக்குச் சொன்னது அதைத்தானே?

"ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளிக்குத் திரையாவது இருக்கட்டுமே" என்கிறார்கள் நண்பர்கள். தனிக்குவளையில் ஊற்றியதும் டீதான், தோழர்களே. கிடைக்கிறதே என்று குடித்துவிட்டுப் போவதா நியாயம்?

போன மாதம் பிள்ளைகளிடம் பேட்டரி, கம்பி, பல்பு கொடுத்தேன். ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்திக்குப் பல்பு எரியல. கம்பி நுனியைப் பல்லால் கடித்து உறையை உரித்தாள். எரிந்தது. "அண்ணே, உரிக்கணும்னு புஸ்தகத்துல போடலியே!" என்றாள். புத்தகத்தில் இல்லாததைத் தன் கையால் கண்டுபிடித்த பிள்ளை, நாளைக்கு எந்தச் சாஸ்திரத்தையும் எவன் சொன்னான் என்று கேட்பாள். திரையில் சோதனை ஒருபோதும் தவறுவதில்லை. தவறாதது இன்னொரு வேதம்தான். அறிவியலை நான் ஒழுக்கம் என்று சொல்வது இதனால்தான்: பிறர் சொல்லுக்கு அடங்காமல், தானே சாட்சியாகிற உரிமை அது.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். எத்தனை திரை வந்தது என்று கேட்பது போதாது. பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த மாதம் அது எத்தனை முறை திறந்தது, எந்தப் பிள்ளைகள் தொட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.