மறந்தவரை மறவாதவன்

நம் ஸம்ப்ரதாயத்தில் சரம ச்லோகங்கள் என்று போற்றப்பெறுவன மூன்று. கண்ணன் தேர்த்தட்டில் அருளியதும், இராமபிரான் கடற்கரையில் அருளியதும் பலரும் அறிந்தவை. மூன்றாவது, வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளியது. முதுமையும் மறதியும் வந்துற்றவர்க்கென்றே அமைந்தது போன்றது இது. உடலும் மனமும் நலமாயிருந்த நாளில் ஒருவன் தன்னை நினைத்தானாகில், அவன் கட்டையும் கல்லும் போல நினைவற்றுக் கிடக்கும் காலத்தில் தானே அவனை நினைத்துப் பரமபதம் சேர்ப்பதாகப் பெருமான் வாக்களிக்கிறான். ஸ்வாமி வேதாந்த தேசிகன் இதற்கென்றே ரஹஸ்ய சிகாமணி என்னும் க்ரந்தத்தை அருளிச்செய்தார்.

பெரியாழ்வாரும் இக்கவலையை உணர்ந்தவர். பாண்டியன் சபையில் பொற்கிழி அறுத்த அவ்வளவு பெரிய புத்திமான், அந்திம காலத்தில் நினைக்க இயலாது போய்விடுமோ என்றஞ்சி அரங்கனிடம் முன்னதாகவே விண்ணப்பித்து வைத்தார். அவருடைய திருவரசு நமக்கு அண்மையில், அழகர்மலை அடிவாரத்திலேயே உள்ளது.

இதனை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. ஆனையூர், கூடல்நகர்ப் பக்கத்து இல்லங்களிலும் இன்று கேட்கப்படும் கேள்வி இது: “நாற்பது ஆண்டு கோஷ்டியில் ஸேவித்த தகப்பனார், பெற்ற பிள்ளையின் பெயரையே அறியாமல் இருக்கிறாரே, ஸேவித்ததெல்லாம் வீண்தானா?” 2023ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வொன்றின்படி, நம் நாட்டில் அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதிநோயால் வருந்துகின்றனர். ஆகவே இது ஒரு வீட்டுத் துயரம் அன்று.

முதுமையில் மூளை வெறுமனே தேய்ந்துகொண்டே போவதில்லை என்பதையும் அறிய வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அறிஞர் ராபர்ட்டோ கபேசாவும் குழுவினரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நினைவுகூரும் வேலையொன்றைக் கொடுத்து, அப்போது மூளையின் எப்பகுதி இயங்குகிறது என்று படமெடுத்துப் பார்த்தனர். இளைஞர்க்கு மூளையின் முன்பகுதியில் பெரும்பாலும் வலப்புறம் இயங்கியது. நினைவாற்றல் குன்றிய முதியோர்க்கும் அவ்வாறே. வேலையை நன்கு செய்த முதியோர்க்கோ இருபுறமும் இயங்கின! இதற்கு வேறு விளக்கம் கூறுவோரும் உண்டு. எனினும், கோஷ்டியில் எதிரெதிர் நிற்கும் இரு வரிசைகளில் ஒன்று இளைத்தபோது மற்றொன்று குரலெடுத்து அடியை முடித்து வைப்பது போன்றதன்றோ இது!

இன்னொரு செய்தி நம் தேசத்தது. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் மறதிநோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். ஒரு மொழியே அறிந்தவரைக் காட்டிலும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுவோர்க்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதித்தே தோன்றியிருந்தது. எழுத்தறியாதவரிடத்தும் அவ்வேறுபாடு காணப்பட்டது. வீட்டில் ஸௌராஷ்ட்ரமும் வீதியில் தமிழும் பேசும் நம் மதுரை மக்களுக்கு இது இனிய சேதி. உபயவேதாந்திகளுக்கும்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டில்லியை அடுத்த மானேஸரில் வேதம் ஓதிய பண்டிதர் 21 பேருடைய மூளையைப் படமெடுத்து, சில பகுதிகள் பிறரினும் தடித்திருந்ததாக 2016இல் அறிவித்தனர். இதைக் கொண்டு, பாராயணம் செய்வோர்க்கு மறதிநோயே வராது என்று மேடையில் முழங்குவோர் உளர். அது தகாது. அப்பண்டிதர்கள் இளைஞர்கள், முதுமையில் அவர்க்கு என்னவாகும் என்பதை அவ்வாய்வு சொல்லவில்லை. அவ்வாறு முழங்கினால், நோயுற்ற பாகவதரைப் பார்த்து, அவர் பக்தியில் குறை இருந்ததென்று உலகம் பேசும். அந்தப் பாகவத அபசாரத்துக்கு நாம் இடங்கொடுக்கலாகாது.

செய்யத்தக்கவை வேறு உள. உலக வல்லுநர் குழுவொன்று 2024இல் லான்ஸெட் இதழில், மறதிநோயில் நூற்றுக்கு 45 வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று கூறிப் பதினான்கு காரணங்களை எடுத்துரைத்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிட்டுத்தன்மை, பார்வைக்குறை, தனிமை ஆகியன அவற்றுட் சில. கண்ணில் புரை படர்ந்த பெரியவரை “வயதாகிவிட்டது” என்று மூலையில் இருத்துவது, மதுரையில் வாழ்வோர்க்கு மன்னிக்கத்தகாத பிழை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப்பணியில் ஓய்வுபெற்றபின், 58ஆம் வயதில், 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இவ்வூரில்தானே! அவர் முதுமையை முடிவென்று எண்ணவில்லை. மறதி தலைகாட்டும்போதே வைத்தியரிடம் காட்டுவதும் அவசியம். தைராய்டுக் குறை, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றால் வரும் மறதி சிகித்ஸையால் தணியக்கூடும்.

தணியாத மறதியும் உண்டு. அத்தகையவரையும் கோஷ்டியினின்றும் விலக்கற்க. காலையில் உண்டதை மறந்தவர், பாலப்பிராயத்தில் நெஞ்சிலேறிய பாசுரத்தை அருகிலிருப்பவர் எடுத்துக்கொடுத்தால் தொடர்ந்து சொல்வதுண்டு. பிழைபடச் சொன்னால் திருத்தவேண்டா. வாய் அசைந்தாலே போதும். “நான் யார், சொல்லுங்கள்” என்று பிள்ளைகள் பரீக்ஷை வைப்பதும் வேண்டா.

கேட்ட கேள்விக்கு விடை வராஹப் பெருமானிடமே உள்ளது. அந்திம ஸ்ம்ருதியை ப்ரபந்நனிடம் எதிர்பாராமல், அந்தப் பாரத்தை எம்பெருமான் தானே ஏற்கிறான் என்பது பூர்வாசார்யர்கள் துணிவு. தகப்பனார் மறந்தது மகன் பெயரை. அவர் பெயரை அறிந்தவன் ஒருவன் இருக்கிறான். உத்ஸவத்தன்று அவரை நாற்காலியிலாவது அமர்த்தி அழைத்து வாருங்கள். கூட்டத்துக்கு அஞ்சினால் மண்டபத்து ஓரமாய் இருத்துங்கள். தீர்த்தமும் சடாரியும் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து ஸாதிக்கும்படி முன்கூட்டிச் சொன்னால், இசையாத அர்ச்சகர் இரார்.