வரிசையில் இல்லாதவன்

வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறவனுக்கு, போகிற இடத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போகலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அவனுக்குச் சொல்லப்படும் யோசனைகள் எல்லாமே ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. டாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதே. எந்த பம்பில் ஸ்டாக் இருக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள். வாடகைக்கு எடுத்தால் டிரைவரோடு எடு. எண்ணெய் அவன் தலைவலி. கடைசி யோசனைதான் இருப்பதில் கெட்டிக்காரத்தனமானது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: எனக்கு இல்லாமல் போகாதிருக்க என்ன வழி? ஓர் ஊரில் இல்லாமை என்று ஒன்று வந்துவிட்டபோது அதில் தனக்கு மட்டும் பங்கு வராமல் பார்த்துக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'சமாளித்தல்'. இந்தச் சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

பாதி டாங்கி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். முன்யோசனை என்ற நற்குணத்தின் மிக எளிய வடிவம் இது. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் இந்த நற்குணம் என்ன செய்தது என்று பார்க்க முடிந்தது. சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெய் இருந்தது. கொண்டுவர டாங்கர் லாரி ஓட்டுநர்கள்தான் போதவில்லை. சில பம்புகள் மூடியிருக்கின்றன என்ற செய்தி பரவியதும், காலியாகட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எப்போதும் இருப்பவர்கள்கூட நிரப்பிக்கொள்ளக் கிளம்பினார்கள். சில நாட்களுக்குள் உண்மையான பஞ்சம். அக்டோபரில் ராணுவத்தினர் லாரி ஓட்ட வேண்டியதாயிற்று. கணக்கு சாதாரணமானது. பத்து லட்சம் கார்கள் வழக்கத்தைவிட ஆளுக்கு 20 லிட்டர் கூடுதலாகச் சுமந்து நின்றால், 2 கோடி லிட்டர் பூமிக்கடியிலிருந்து தெருவுக்கு இடம் மாறுகிறது. அதை யாரும் எரிக்கவில்லை, யாரும் பதுக்கியதாக நினைக்கவும் இல்லை. ஒவ்வொருவனும் பொறுப்பாக நடந்துகொண்டான், அவ்வளவுதான். 'வரக்கூடும்' என்று பயந்த பஞ்சத்தைப் பயமே கொண்டுவந்து சேர்க்கிறது. தனிமனிதனிடத்தில் புத்திசாலித்தனமாக இருப்பது, கூட்டத்தில் பேராசையின் காரியத்தைச் செய்துவிடுகிறது. இதில் குற்றவாளியைத் தேடினால் கிடைக்கமாட்டான் என்பதுதான் தார்மீகச் சிக்கல்.

இங்கே பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் ஊரில் தங்கள் பங்குக்காகப் பயந்தார்கள். அந்நியன் பயப்படும்போது விஷயம் இன்னொரு படி போகிறது. அதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்து எண்ணெய் தீர்ந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே, பிப்ரவரியில், எண்ணெய் வாங்குவதற்கென்று இந்தியா 50 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எண்ணெய் இல்லை என்ற நிலை. ஜூலையில் கியூஆர் குறியோடு பங்கீட்டு முறை வந்தது: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. பிறகு அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 2023 செப்டம்பரில்தான் இந்த முறை எடுக்கப்பட்டது. 2022இலேயே சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி எரிபொருள் பாஸ் ஒன்றும் வந்தது. அந்நியச் செலாவணியில் பணம் கட்டி எடுத்துக்கொள்ள முடிந்தது.

கொழும்பில் இறங்கி, கதிர்காமம், நுவரெலியா, கண்டி, யாழ்ப்பாணம் என்று ஒரு சுற்றுச் சுற்றினால் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. 1200 என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு 120 லிட்டர் ஆகும். ஆரம்பப் பங்கீட்டின்படி அது ஓர் ஆட்டோக்காரருக்கு 24 வாரம். அவர் அதை வைத்து அரிசி வாங்குகிறார். இவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கைப் போடுகிறவனை நாகரிகமற்றவன் என்று சொல்வார்கள். பரவாயில்லை. நம் பயணக் கட்டுரைகளில் வண்டிகளுக்கு டாங்கி என்று ஒன்று இருப்பதே தெரியாது. வண்டி புறப்படும், சூரியன் மறையும், எழுத்தாளருக்கு ஏதேனும் தோன்றும்.

நான் இருக்கும் வல்லக்கோட்டையைச் சுற்றி நாள் முழுக்க எரிபொருள் குடிக்கப்போகும் ஜந்துக்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஒரகடத்தில் காரும் லாரியும், வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிளும். அந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் பலருக்கு எங்கள் கிளையில் சம்பளக் கணக்கு உண்டு. அவர்களில் எனக்குப் பழக்கமான ஒருவர் பெயின்ட் ஷாப்பில் இருப்பவர், முருக பக்தர். வல்லக்கோட்டை முருகனையும் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார், கதிர்காமத்து முருகனையும் பாடியிருக்கிறார், அதனால் இங்கிருந்து அங்கே போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் சங்கல்பம். டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டதால் 2022 மே மாதத்திலேயே நண்பர்கள் நால்வரோடு போய்வந்தார். நிலைமை எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒரு பிரச்னையும் இல்லப்பா. வண்டி ஃபுல் டாங்கோட ரெடியா நின்னுச்சு" என்றார். அது எப்படி நின்றது என்பது பேச்சுவாக்கில் பிறகு வந்தது. டிரைவர் முந்தைய இரண்டு இரவுகள் வேனிலேயே படுத்து வரிசையில் இருந்து நிரப்பியிருக்கிறார். வாடகையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. "நாங்க போகலைன்னா அந்த மனுஷனுக்கு அந்த மாசம் வருமானமே கிடையாது, தெரியுமா? டாலர் கொண்டுபோறவனை வேண்டாம்னு சொல்வாங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அவர் சொன்னது உண்மை என்பதால்தான் இந்தக் கட்டுரை. பொய்யாக இருந்தால் எழுத என்ன இருக்கிறது?

வரிசை என்பதை நாம் எரிச்சலோடு பார்க்கப் பழகிவிட்டோம். ரேஷன் கடை, மண்ணெண்ணெய், சினிமா, பாங்க் கவுண்டர். (கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு வரிசையின் முகம் தெரியும்.) ஆனால் பணத்தால் பங்கிடுவது, அதிகாரத்தால் பங்கிடுவது, உறவால் பங்கிடுவது எல்லாவற்றையும்விட வரிசை ஒரு விதத்தில் கௌரவமானது. அது ஒவ்வொருவனிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்கிறது: அவனுடைய நேரத்தை. எல்லோருக்கும் நாள் ஒன்றுக்கு 24 மணி என்பதால் இது சமத்துவம் போலத் தோன்றுகிறது. ஆனால் எல்லா உடம்பும் ஒன்றல்ல. 2022 மார்ச்சில், எழுபது வயதைக் கடந்த இரண்டு பேர் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெவ்வேறு இடங்களில் காத்திருந்தபோது இறந்துபோனார்கள் என்று செய்தி வந்தது. வரிசை தன்னளவில் நியாயமாக நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் செய்கிறது. அதன் மேல், காத்திருத்தலையும் விலைக்கு வாங்கலாம் என்று ஆகிவிட்டால் அந்தக் கடைசிச் சமத்துவமும் போயிற்று. என் நண்பர் வரிசையை மீறவில்லை. வரிசையில் அவருடைய இடம் இருந்தது. அவர்தான் அதில் இல்லை. வரிசையின் நீளம்கூட அவர் கண்ணில் படவில்லை என்பது அவர் வாங்கிய சேவையின் ஒரு பகுதி.

டாலர் வாதத்துக்கு வருவோம். எண்ணெய் இல்லாததற்குக் காரணம் டாலர் இல்லாதது. சுற்றுலாக்காரன் டாலர் கொண்டுவருகிறான். ஆகவே அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் அதைவிட அதிக லிட்டராகத் திரும்பி வரும். இதைப் பொருளாதாரமாக மறுக்க என்னால் முடியாது. 2018இல் அந்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 23 லட்சம், 2022இல் 7 லட்சத்தைச் சற்றுத் தாண்டியவர்கள். இந்த வித்தியாசத்துக்குள் எத்தனை சமையற்காரர்கள், எத்தனை அறைப் பையன்கள், எத்தனை வேன் டிரைவர்கள் இருப்பார்கள்! போகாமல் இருப்பதால் கை சுத்தமாகிவிடுகிறது என்று நினைப்பவன் தன் கையை மட்டும்தான் பார்க்கிறான்.

என் ஆட்சேபம் வேறு. ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தாலும், அதை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் தார்மீக அர்த்தம் மாறும். 'அவர்களுக்கு முதலில் கொடுப்போம், அதனால் நமக்கும் வரும்' என்று அந்த அரசாங்கம் வரிசையில் நிற்கும் தன் ஜனங்களிடம் சொல்லலாம். அவர்கள் ஒப்புக்கொள்ளலாம், அல்லது கல்லெறியலாம். அந்த டிரைவரே சொல்லலாம். வாங்கிக்கொள்கிறவன் சொன்னால் அது வேறு வாக்கியம். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மொய் எழுதப்போகிறவன் நான்தானே என்பது போல.

கான்ட் 1795இல் எழுதிய 'நிரந்தர சமாதானம்' பற்றிய சிறு நூலில் அந்நியனுக்குரிய உரிமையை இரண்டாகப் பிரிக்கிறார். வந்து பார்க்கும் உரிமை ஒன்று, விருந்தாளியாக வைத்துக்கொள்ளப்படும் உரிமை இன்னொன்று. முதலாவது பூமி உருண்டை என்பதால் எல்லோருக்கும் உண்டு; மனிதர்கள் சிதறிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்கோ ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டாக வேண்டும். இரண்டாவதற்குத் தனி உடன்பாடு வேண்டும், அது யாருக்கும் பிறப்புரிமை இல்லை. சுற்றுலாப் பாஸ் இந்த இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்துவிடுகிறது.

நம் பக்கம் திரும்பினால் குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. அமிர்தமே ஆனாலும் விருந்தினனை வெளியே வைத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடக்கூடாது என்கிறார் வள்ளுவர். முழுக்க முழுக்க வீட்டுக்காரனோடுதான் பேச்சு. வந்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 133 அதிகாரங்களில் ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை. வாங்கிக்கொள்கிறவனைப் பற்றி அவர் யோசிக்கும்போது இரவு, இரவச்சம் என்று போய்விடுகிறார். பிச்சைக்காரனின் கூச்சம் அவருக்குத் தெரிகிறது. அன்றைய விருந்தினன் நடந்து களைத்து வந்தவன், வீட்டுக்காரனைவிடப் பலவீனமானவன். வீட்டுக்காரனைவிட வசதியான விருந்தினன், அவனுடைய பஞ்சத்துக்குள் காசு கொடுத்து நுழைகிறவன், அவர் கண்ணில் படவில்லை. நம்முடைய விருந்து தர்மம் இந்த இடத்தில் ஊமையாக இருப்பதால், அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதே தீவில் இதற்கு நேர் எதிரான ஒரு அனுபவமும் உண்டு. 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள் போகத் தடை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அந்த நாட்களில் உள்ளே வந்தவன் கிளாலிக் கடலேரியை இரவில் படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து வந்தான். வந்து சேர்ந்தபின் அவனுக்கென்று தனி பெட்ரோல் ஒன்றும் இருக்கவில்லை. யுத்தத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. அது யாருக்கும் வேண்டாம். வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் இல்லாமை ஒன்றாகவே இருந்தது என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

இங்கிருந்துதான் எனக்கு ஏதோ பிடிபடுகிறது. பஞ்சமுள்ள நாட்டுக்குள் போகிறவன் அங்குள்ள எண்ணெயில் பங்கு கேட்கலாம். அப்படிக் கேட்டால் எண்ணெய் இல்லாமையிலும் அவனுக்கு ஒரு பங்கு சேரும். அது தியாகம் அல்ல, அந்த ஊருக்குள் இருப்பதன் விலை. ஸ்தூலமாகச் சொன்னால், ஐந்து ஊர் என்று போட்ட திட்டம் இரண்டு ஊராகச் சுருங்குவது. கண்டி ரயிலில் மற்றவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போவது. (ரயிலும் டீசல்தான், ஆனால் அந்த டீசல் எல்லோருக்குமாக எரிகிறது.) எங்காவது ஒரு சின்ன ஊரில் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தே புறப்படுவது. வேன் எடுத்தே தீரவேண்டுமென்றால் டிரைவரோடு அந்த வரிசையில் ஒரு இரவாவது உட்கார்ந்திருப்பது. லிட்டர் கணக்கில் இதனால் யாருக்கும் ஒரு சொட்டும் கூடாது. தான் எதை வாங்கினோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். இருப்பது ஆறு நாள் லீவு, அதில் இரண்டு நாள் வரிசையில் உட்கார ஆலை சம்பளம் கொடுக்காது என்றார். அதுவும் சரிதான். அவருடைய நேரமும் ஷிப்ட் கணக்கில் யாரோ வாங்கிவிட்டதுதான். மிச்சத்தைத்தான் கதிர்காமத்துக்குக் கொண்டுபோனார்.

கதிர்காமத்துக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. வடக்கே செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் நுழைந்து வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரை. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்லி இந்தப் பிரச்னையிலிருந்து நழுவிவிடலாமா என்று நானும் யோசித்தேன். முடியவில்லை. நடக்கிறவனுக்கும் பசிக்கும். வழியோரத்து ஊர்க்காரர்கள் போடும் அன்னதானத்தில் உட்கார்ந்துதான் அவனும் போகவேண்டும். 2022இல் அந்த ஊர்களின் பானையில் அரிசி எவ்வளவு இருந்ததோ, அதில் அவனுக்கும் ஒரு பங்கு போயிருக்கும். ஒரு வித்தியாசம், அவன் பக்கத்து இலையைப் பார்த்திருப்பான்.