பொய்யர் தந்த ஊன்றுகோல்

நோய்ப் படுக்கையில் கிடப்பவனுக்கு மருத்துவர் கூறும் ஆறுதலைவிட, அதே நோயில் கிடந்து எழுந்தவன் கூறும் ஒரு சொல் ஆழமாக இறங்குகிறது. மருத்துவர் கரையில் நின்று கயிறு வீசுகிறார். மற்றவனோ அதே நீரில் மூழ்கி எழுந்து, ஈரம் உலராத ஆடையுடன் அருகில் நிற்கிறான். அவன் சொல்லை ஐயுற மனம் ஒப்புவதில்லை. பின்னொரு நாள் அவன் பெரும் பொய்யன் என்று உலகறியத் தெரியவந்தால்? அவன் சொல்லைப் பற்றிக்கொண்டு எழுந்து நடந்தவன் என் செய்வான்?

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் திருவொற்றியூரில் வாழும் நண்பர் ஒருவர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நிணநீர்க் கணுக்களில் புற்று என்று தெரிந்தபின், மாதக்கணக்கில் காசிமேடும் ராயபுரமும் கடந்து, பாரிமுனையில் பேருந்து மாறி, கடற்கரைச் சாலை வழியே அடையாறு சென்று மருந்தேற்றிக் கொண்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. வழியில் சேப்பாக்கம் மைதானத்தைக் கடக்கும் போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பாராம். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2013இல் வெளியிட்ட நோய்க்கால நினைவு நூல் அப்போது அவர் பையில் இருந்ததே காரணம்.

2011 மார்ச் 20ஆம் நாள், உலகக் கோப்பைப் போட்டியில் மேற்கிந்தியத் தீவு அணியை எதிர்த்து, அதே சேப்பாக்கத்தில் யுவராஜ் 113 ஓட்டங்கள் எடுத்தார். இடையிடையே குனிந்து வாந்தியெடுத்ததை வெயிலின் கொடுமை என்றே கண்டோர் எண்ணினர். நெஞ்சினுள்ளே, இரு நுரையீரல்களுக்கும் நடுவே, கட்டி வளர்ந்திருந்தது பின்னரே தெரிந்தது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் மருந்தேற்றிக் கொண்டு மீண்ட அவர், அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் மறுபடியும் நாட்டுக்காக ஆட இறங்கியதும் இதே மைதானத்தில்தான். அன்று இந்தியா ஒரே ஓட்டத்தில் நியூசிலாந்திடம் தோற்றது. தோல்வியை யார் நினைத்தார்கள்!

அந்த யுவராஜுக்கு மருத்துவமனையில் துணை நின்றது இன்னொருவரின் நினைவு நூல். மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000இல் வெளியிட்டது. முன்னொருகால் பாதியில் வைத்துவிட்ட அந்நூலை, நோய் வந்தபின் மீண்டும் கையில் எடுத்ததாக யுவராஜ் கூறியிருக்கிறார். நம் நண்பரும் விடவில்லை. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்துப் படித்தார். விரையில் தோன்றி, வயிறு, நுரையீரல், மூளை வரை பரவிய புற்றோடு 1996 அக்டோபரில் 25 வயதில் படுத்தவர், 1999 முதல் 2005 வரை பிரான்ஸ் நாட்டுப் பெரும் பந்தயத்தை ஏழு முறை வென்ற வரலாறு அது.

அந்த ஏழு வெற்றிகளும் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்தின் வெற்றிகள் என்று நிறுவப்பட்டு, 2012 அக்டோபர் 22ஆம் நாள் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். நூலில் அவர் ஊக்கமருந்தை மறுத்து எழுதிய பக்கங்கள் பச்சைப் பொய் என்றாயின. கலிபோர்னியாவில் வாசகர் சிலர் புத்தக விலையைத் திருப்பித் தருமாறு வழக்கே தொடுத்தனர். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நண்பருக்கு விலை பெரிதன்று. “பாய், ஹராமான காசில் வாங்கிய ரொட்டியைத் தின்று பசியாறியவன் நிலைதானோ என் நிலை?” என்று கேட்டார். அன்று அஸர் தொழுதுவிட்டு எண்ணூர் சாலையோரம் நின்றிருந்தோம். கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் நோக்கி வரிசை கட்டி நின்றன. உடனே மறுமொழி கூற நமக்கு இயலவில்லை.

ஹதீஸ் கலை வல்லுநர்கள், பொய்யர் எனப் பெயரெடுத்தவரின் அறிவிப்பை ஏற்க மறுத்தனர். அந்த அளவுகோலின்படி ஆம்ஸ்ட்ராங்கின் நூல் குப்பைக்கே உரியது. ஆயினும் புகாரியில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. ரமலான் ஜகாத் தானியத்துக்குக் காவலிருந்த ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒருவன் மூன்று இரவுகள் திருட வந்து பிடிபட்டான். மூன்றாம் இரவு, உறங்கப் போகுமுன் ஆயத்துல் குர்ஸி ஓதுமாறு கற்பித்துத் தப்பினான். அவன் பொய்யனே, எனினும் இதில் உண்மை சொன்னான் என்று அண்ணலார் (ஸல்) அறிவித்தார்கள். அவன் ஷைத்தான் என்பதையும் உணர்த்தினார்கள். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. திருடன் சொன்னான் என்பதற்காக அச்சொல் ஏற்கப்படவில்லை. உண்மையே உருவானவர் அதற்குச் சான்றளித்தார்கள்.

ஆம்ஸ்ட்ராங்கின் நோய்க்கதைக்குச் சான்று எது? அவர் நாவன்று. அதே இண்டியானாபோலிஸில் 1974இல் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை வேறிரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, அதுவரை பரவிவிட்டால் பெரும்பாலோரைக் கொன்றுவந்த அந்நோயைத் தீரும் நோயாக்கினார். பின்னாளில் யுவராஜுக்கு மருத்துவம் பார்த்தவரும் அவரே. ஆம்ஸ்ட்ராங் மூச்சை நம்பிப் பிழைக்கும் வீரர் என்பதால் நுரையீரலைக் கெடுக்கும் மருந்தொன்றை மாற்றி வேறு கொடுத்தனர். இவை பொய்யல்ல. மயிர் உதிர்ந்ததும் குடல் புரண்டதும் பொய்யல்ல. நண்பர் பசியாறியது இந்த ரொட்டியால்.

நம் மனத்தை உறுத்துவது வேறு பொய். அது ஊக்கமருந்தைவிட நுட்பமானது. போராடினேன், ஆகவே வென்றேன் என்று பிழைத்தவர்கள் எழுதுகிறார்கள், யோக்கியர்களும் எழுதுகிறார்கள். நண்பருடன் அதே நாளில் மருந்தேற்றத் தொடங்கிய எண்ணூர்க்காரர், மீன்பிடி வலை பின்னுபவர், ஒரு வேளையும் முனகாதவர், ஐந்தாம் முறைக்கு வரவில்லை. அவர் போராடவில்லையா? மாண்டவர் நூல் எழுதுவதில்லை. அய்யூப் நபி (அலை) அவர்களைத் திருமறை பொறுமைக்குச் சான்றாகக் காட்டுகிறது. நோயை வென்றேன் என்ற சொல் மட்டும் அவர் வாயில் இல்லை. துன்பம் தம்மைத் தீண்டிற்று என்றும், இறைவன் கருணையாளரிலெல்லாம் மேலானவன் என்றும் முறையிட்டார். காலால் தரையை உதைக்கப் பணிக்கப்பட்டார். குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைத்தது.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. வலை பின்னியவரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் போலும்.

அந்நூலை அவர் எறியவில்லை. முதற்பக்கத்தில் 2012 அக்டோபர் 22 என்று பென்சிலால் எழுதி, அன்று நடந்ததை இரண்டு வரியில் குறித்து, ராயபுரத்தில் புதிதாக மருந்தேற்றத் தொடங்கியிருக்கும் இளைஞன் ஒருவனிடம் கொடுத்துவிட்டார். “இந்தப் பக்கத்தை முதலில் படி தம்பி, பிறகு மற்றதைப் படி” என்றாராம். அவன் பாதி படித்திருக்கிறான்.