சினமும் கையும்



மாற்கு நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் நம்மை ஒரு தொழுகைக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறது. அன்று ஓய்வுநாள். அங்கே கை சூம்பிய ஒருவர் இருக்கிறார். ஆண்டவர் அவரைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய பிடிவாதத்தைக் கண்டு இயேசு சினந்தார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். அந்தச் சினத்துக்குள் வருத்தமும் இருந்தது. அடுத்த கணமே அவர் அந்த மனிதரின் கையை நலமாக்கினார்.

ஆண்டவர் சினந்தபோது ஒரு கை நலமடைந்தது. நாம் சினக்கும்போது கை முறிகிறது.

உண்மையாகவே எலும்புதான் முறிகிறது. சுவரையோ கதவையோ முஷ்டியால் ஓங்கிக் குத்தினால், சுண்டுவிரலுக்கு அடியிலுள்ள உள்ளங்கை எலும்பு உடைகிறது. லண்டன் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இது புதிதல்ல. 'பாக்சர் முறிவு' என்பது பெயர்; வருகிறவர்களில் பெரும்பாலோர் குத்துச்சண்டையே அறியாத இளைஞர்கள். 1867இல் இந்நகரில் வெளியான குவின்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டை வீரருக்கே கையுறையைக் கட்டாயமாக்கின. சுவரைக் குத்துகிறவருக்கு அதுவும் இல்லை. எலும்பு பெரும்பாலும் ஆறு வாரங்களில் கூடிவிடும். குத்த வைத்த கோபம் ஆறாவிட்டால், அதே கை மறுபடியும் உடையும். அப்படித் திரும்பி வருகிறவர்களை மருத்துவர்கள் அறிவார்கள்.

மருத்துவரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். குத்து ஒருவரின் வாயில் பட்டிருந்தால், பல் கீறிய சிறு காயம்கூட மூட்டுக்குள் சீழ்பிடித்துக் கையைக் கெடுத்துவிடும். உண்மையைச் சொன்னால்தான் கைக்கும் மனதுக்கும் சரியான மருந்து கிடைக்கும்.

சகோதரர்களே, இரவு வேலை, வதிவிட அனுமதிக்கான காத்திருப்பு, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம், யாரிடமும் சொல்லாத போர்க்கால நினைவுகள் என உங்கள் கோபத்துக்குள்ளும் வருத்தம் இருக்கிறது. ஆனால் சுவரில் விழும் குத்தைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அடுத்தது தனக்கோ என்று மனைவி நடுங்குகிறாள். அப்படி அஞ்சி வாழும் சகோதரியே, அடியைப் பொறுத்துக்கொள்வது ஆண்டவர் உங்களுக்குத் தந்த சிலுவை அல்ல. ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள்.

யாரிடமும் சொல்லாத வருத்தத்தைச் சொல்லவும் ஒரு வழி உண்டு. 1953இல் லண்டன் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தின் ஆங்கிலிக்கன் குரு சாட் வாரா, மனமுடைந்தவர்கள் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சமாரிட்டன்ஸ். 116 123 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கை ஓங்கத் தோன்றும்போது வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். நம்பிக்கையான ஒருவரை அழையுங்கள். குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். கை சூம்பியவரை ஆண்டவர் எல்லாருக்கும் நடுவே எழுந்து நிற்கச் சொன்னார். அவரும் வெட்கப்பட்டு ஒளிக்காமல் கையை நீட்டினார், நலமடைந்தார். நீங்களும் ஒளிக்காதீர்கள், உங்கள் கையை ஆண்டவரிடம் நீட்டுங்கள். ஆமென்.