கணக்கில் எழுதிய கம்பிளி

மலையகத்தில் மண்சரிவு என்ற செய்தி வந்தால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மண்டபங்களில் துணி மூட்டைகள் குவிந்துவிடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தபோதும் கொழும்புத் தமிழர் தயங்காமல் கொடுத்தார்கள். அந்த மனதை யாரும் குறை சொல்ல முடியாது. கொடுக்கும் முறையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

மூட்டைகளைப் பிரித்து அடுக்கியவர்களுக்கு அவற்றில் என்ன இருக்கும் என்று தெரியும். ஜரிகை இற்றுப்போன கூறைச் சேலை, பொத்தான் இல்லாத சட்டை, ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன தடித்த ஜாக்கெட். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் தேயிலைச் செடிமேல் உறைபனி படியும். ஆனால் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, இடுப்பில் படங்கு கட்டி, மழையில் கொழுந்து பறிக்க முடியாது. ஒருமுறை நனைந்தால் லயத்து அறையில் அது எளிதில் காயாது. அங்கே தேவைப்படுவது மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், மழை அங்கி, சப்பாத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலுறை.

இந்தக் குளிருக்கும் உடுப்புக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். மலை ஏறி வந்தவர்களுக்குத் தோட்டம் கம்பிளி கொடுத்தது. அதன் விலையை அவர்கள் பெயரில் கடனாக எழுதியது. இன்று யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் மூட்டையை வாங்கும் பிள்ளை கமெராவைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு விலைதான்.

துணி கொடுப்பதோடு நிற்காமல், தோட்டப் பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா அழைத்து வருபவர்களும் இருக்கிறார்கள். காலிமுகத்திடலில் கடல், தெஹிவளையில் மிருகக்காட்சிசாலை, பிறகு சாப்பாடு, பஸ். கடலைக் காணாத பிள்ளைக்கு அது பெரிய நாள்தான். இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் சமமாக நிற்கிறது. தமிழ்ப் பகுதி, தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய பொன், வெள்ளி, பட்டு எல்லாவற்றையும் பட்டியலிடுகிறது. மதிப்புள்ள இடத்துக்குக் கொடுப்பவன் நல்லதைத் தேர்ந்து கொடுப்பான் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. மற்றது துறைமுகம். பாட்டியும் அம்மாவும் பறித்த கொழுந்து கப்பலேறும் இடம் இதுதான் என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள். இந்த நகரத்தின் செல்வத்தில் தன் வீட்டு உழைப்பும் இருப்பதை அது தெரிந்துகொண்டு திரும்பட்டும்.

மீண்டும் உடுப்புக்கு வருவோம். என்ன தேவை என்று கேட்க மலை ஏற வேண்டியதுகூட இல்லை. வெள்ளவத்தைத் துணிக்கடைகளில் நமக்குச் சேலை விரித்துக் காட்டும் பையன்களிலும், சாப்பாட்டுக் கடைகளில் இலை போடுபவர்களிலும் பலர் தோட்டத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். கொட்டாஞ்சேனை வாடகை அறைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன் அவர்களிடம் கேளுங்கள். பத்துப் பழைய உடுப்புக்குப் பதிலாக ஒரு புதிய ஸ்வெட்டர் வாங்குங்கள். படம் எடுக்காமல் கொடுங்கள்.